தண்ணீர் வரும் ஊரில் சமையலறை

கடலூரிலும் சிதம்பரத்திலும் புதுவீடு கட்டுகிறவர்கள் இன்று மாடுலர் கிச்சன், அதாவது ஆயத்த அலமாரிகளைப் பொருத்தி அமைக்கும் சமையலறை, வேண்டும் என்கிறார்கள். பெருநகர நிறுவனங்களின் விளம்பரங்கள் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. தகப்பனும் பிள்ளைகளுமாக நடத்தும் மரப்பட்டறைகளின் காலம் முடிந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இந்தக் கடலூர் மாவட்டத்தில் அந்தப் பட்டறைகள் வளர்வதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது: தண்ணீர்.

தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது கடலூர். சிதம்பரத்துக்கு வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். 2015 நவம்பர் மழையிலும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை பெருகியபோதும் மாவட்டத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. விலை குறைந்த ஆயத்த அலமாரிகள் பெரும்பாலும் மரத்தூளையும் சிம்பையும் பசையிட்டு அழுத்திய பலகையில் செய்யப்படுபவை. வெட்டிய விளிம்பு வழியாக நீர் ஏறினால் அந்தப் பலகை உப்பும், திருகாணி பிடிப்பு விடும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரநிலைப்படி செய்த பிளைவுட்டோ 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்குப் பிரியக் கூடாது என்பது விதி. நல்ல பலகையை எந்த நிறுவனமும் வாங்கலாம், உண்மைதான். ஆனால் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்பது உள்ளூர் ஆசாரிக்குத்தான் தெரியும். கீழ்த்தட்டைக் கடப்பாக்கல்லிலேயே விட்டுக் கதவை மட்டும் பிளைவுட்டில் போடுவதா, அடியில் கால் கொடுத்து உயர்த்துவதா, உப்புக்காற்றுக்கு எந்தக் கீல் தாங்கும் என்பதெல்லாம் வீட்டில் நின்று பார்த்து முடிவு செய்ய வேண்டியவை.

பெருநிறுவனங்களுக்குச் சாதகமாக, ஒரே அளவில் நிறையச் செய்தால் விலை குறையும் என்று சொல்லப்படும் வாதத்துக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. 1926இல் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை அந்த ஜெர்மானிய நகரின் சுமார் 10,000 குடியிருப்புகளில் அமைந்தது. உழைக்கும் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அங்கே வீடுகளும் அதே திட்டத்தில் கட்டப்பட்டவை. அதனால்தான் ஒரே அளவு பொருந்தியது. சிதம்பரம் கீழவீதி ஓட்டு வீட்டையும் கடலூர் மஞ்சக்குப்பத்து மாடி வீட்டையும் அப்படி ஒரே அளவில் அடக்க முடியாது. கிரைண்டருக்கும் இரண்டு சிலிண்டருக்கும் இட்லிக் கொப்பரைக்கும் இடம் வேண்டும். மேடையின் உயரம் அங்கே நின்று சமைக்கிறவருக்குப் பொருந்த வேண்டும்.

பட்டறைகள் மீது வாடிக்கையாளர்களுக்குள்ள பெரிய குறை தாமதம். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு இழுத்தடிக்கிறார்கள் என்பது நியாயமான புகார்தான். கையில் முதல் இல்லாத பட்டறை, புது வேலையின் அட்வான்ஸில் பழைய வேலைக்குப் பலகை வாங்குகிறது, இரண்டுமே தாமதமாகின்றன. இதற்கு மருந்து கடன் வசதி. தமிழக அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மரவேலைக்கும் ரூ.3 லட்சம் வரை கடனும் அதிகபட்சம் ரூ.50,000 மானியமும் உண்டு. விண்ணப்பிக்க 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதுதான் இடிக்கிறது. கணினியில் வரைபடம் போட்டு வாடிக்கையாளரிடம் காட்டுகிற மகன் பல வீடுகளில் அந்த வயதை எட்டியிருக்க மாட்டான். தொழிலை நகர்த்துகிறவனைத் திட்டம் வெளியே நிறுத்தக் கூடாது.

அடுத்த குறை ஃபினிஷிங். பலகையை நேராக வெட்டும் இயந்திரமும் விளிம்பில் பட்டை ஒட்டும் இயந்திரமும் ஒரு குடும்பம் தனியாக வாங்கக்கூடிய விலையில் இல்லை. நீர் ஏறுவது அந்த விளிம்பில்தான் என்பதால் இதை வெறும் அழகு விஷயமாகத் தள்ளிவிட முடியாது. கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று எனப் பட்டறைகள் சேர்ந்து பயன்படுத்தும் பொது இயந்திரக் கூடங்கள் வர வேண்டும். பட்டறைகளும் எந்தத் தரப் பலகை, எந்தத் தேதியில் முடியும், கீல் கழன்றால் யார் வந்து சரிசெய்வார் என்று மதிப்பீட்டுச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும்.