தரம் என்னும் சொல்லும் வைஃபை 7உம்
கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டப்புறப் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் திரட்டும் பணம் சிறிது. அதைக்கொண்டு வைஃபை 7 திசைவியை இப்போதே வாங்கலாமா?

குழப்பம் சொல்லில் தொடங்குகிறது. 'ஸ்டாண்டர்டு' என்பதைத் 'தரம்' என்று பெயர்த்தோம்; உடனே உயர்வு தாழ்வு மனத்தில் எழுகிறது. வைஃபைத் தரமோ இரு கருவிகள் ஒரே முறையில் பேசிக்கொள்வதற்கான உடன்பாடு. ஒருவர் மட்டும் கற்ற மொழியில் உரையாடல் நிகழாது. மாணவரின் பழைய மடிக்கணினி தன் பழைய முறையிலேயே பேசும். புதிய திசைவியும் அதற்கு இறங்கி வரும்.

உடன்பாடு முதிரக் காலம் வேண்டும். 802.11என் தரம் இறுதி வடிவம் பெற்றது 2009இல். வரைவுக் கருவிகளுக்கோ 2007லேயே சான்றிதழ் கிடைத்தது. அன்று முந்தியவர்கள் பெரிதும் ஏமாறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வைஃபை 7க்குச் சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது. தரநிலை வெளியானது 2025இல். எனவே அச்சம் தேவையில்லை. பயன் உண்டா என்பதே வினா.

வைஃபை 7இன் பெருஞ்சிறப்பு 320 மெகாஹெர்ட்ஸ் அகல அலைத்தடம். அது 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரியது. மலேசியாவில் அங்கே வைஃபைக்குத் திறந்துள்ளது 5,925 முதல் 6,425 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த 500க்குள் 320 ஒருமுறையே அடங்கும். அடுத்தடுத்த வகுப்பறைகள் அந்த ஒன்றையே பங்கிட வேண்டும். அவ்வலை சுவரைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும்.

பள்ளிக்கு வரும் இணைப்பு வினாடிக்கு 100 மெகாபிட் எனில் வைஃபை 5 போதும். பலர் ஒரே நேரத்தில் இணையும் அறைக்கு வைஃபை 6 வாங்கலாம். மீதிப் பணத்தில் கம்பிவடம் இழுத்துக் கடைசிக் கட்டடத்தில் இன்னொரு வைஃபைக் கருவியைப் பொருத்துங்கள்.