ஐஸ் பெட்டியின் பின்னால் ஏன் சூடு?

ஆவணித் திருவிழாவுக்கு முன்னேஸ்வரம் போனபோது, நம் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் ஐஸ்கிறீம் பெட்டியின் பின்புறம் கை வைத்துத் திடுக்கிட்டார். "உள்ளே ஐஸ், பின்னாலே அடுப்பு மாதிரி சுடுதே ஐயா! இந்தச் சூட்டை நம்ம லயத்துக்குக் கொண்டுபோக ஏலாதா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். எல்லோருக்குமாக இங்கே பதில் எழுதுகிறோம்.

டிஸ்பென்சரியில் ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட் கையில் குளிர்கிறதல்லவா? அது ஆவியாகும்போது நம் தோலின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. பிரிட்ஜுக்குள்ளும் ஒரு திரவம் அப்படியே ஆவியாகி, உள்ளிருக்கும் சூட்டை எடுக்கிறது. கொம்பிரசர் அந்த ஆவியை அமுக்கும்போது, காற்றடிக்கும் சைக்கிள் பம்பு சுடுவதுபோல அதுவும் சூடாகிறது. பின்னாலுள்ள கம்பிக் குழாயில் அந்தச் சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. ஆக, இயந்திரம் சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இறைக்கிறது. அதனால் இதற்கு வெப்பப் பம்பி என்று பெயர்.

இதை வைத்து ஒரு கட்டடத்தையே சூடாக்கியவர் உண்டு. இங்கிலாந்தில் நோர்விச் நகர மின் பொறியியலாளர் ஜோன் சம்னர், 1945இல், யுத்தத்தால் சாமான் கிடைக்காத காலத்தில், பழைய பாகங்களைச் சேர்த்து ஒன்று செய்தார். ஆற்று நீரின் சூட்டை எடுத்து மின்சாரப் பகுதிக் கட்டடத்துக்குக் கொடுத்தார். ஒரு பங்கு கரண்டுக்கு மூன்று பங்குக்கு மேல் சூடு கிடைத்தது.

அப்படியானால் பழைய பிரிட்ஜைக் கழற்றலாமா? வேண்டாம். புதிய பிரிட்ஜுகள் பலவற்றில் உள்ள வாயு தீப்பற்றக்கூடியது. குழாயை வெட்டினால் ஆபத்து. சின்னக் கொம்பிரசர் தரும் சூடு ஓர் இஸ்திரிப்பெட்டியின் சூட்டுக்கும் குறைவு. ஓட்டைத் தகரத்தின் கீழ் அது நிற்காது. முதலில் கூரைக்குக் கீழே சீலிங் அடிப்பதும், சுவர் வெடிப்பைப் பூசுவதும், தரையில் பாய்க்கு அடியில் சாக்கு விரிப்பதும்தான் நல்லது. செலவும் குறைவு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தை மாதப் பனியில் கரிச்சட்டியை காம்பராவுக்குள் வைத்து, கதவைச் சாத்திப் படுக்கிறோம். கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். தலையிடி, வாந்தி, மயக்கம் என்றால் உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தாய்மாரே, குளிருக்கு இன்னொரு கம்பளி போடுங்கள். படுக்குமுன் கரிச்சட்டியை வெளியே வையுங்கள். பிள்ளைகள் காலையில் எழும்ப வேண்டும்.