தீப்பெட்டியோடு படிக்க வேண்டிய புத்தகம்

கோடை விடுமுறைக்கு என்ன படிக்கலாம் என்று கேட்டால் பெரியவர்கள் கதைப் புத்தகங்களாக அடுக்குவார்கள். கதை படியுங்கள், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் அறிவியல் புத்தகம் என்றதும், "ஐயோ, லீவிலுமா?" என்று ஓடாதீர்கள். நல்ல அறிவியல் புத்தகத்துக்கு நான் வைக்கும் பரீட்சை ஒன்றே ஒன்றுதான். சில பக்கங்கள் படிப்பதற்குள் அது உங்களை எழுப்பி, எதையாவது செய்து பார்க்க வைக்க வேண்டும்.

இதில் நூற்றுக்கு நூறு வாங்குவது மைக்கேல் ஃபாரடேயின் மெழுகுவர்த்திப் புத்தகம். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825 முதல் கிறிஸ்துமஸ் சமயத்தில் சிறுவர்களுக்கு அறிவியல் பேச்சு நடத்துகிறார்கள். 1860-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே பேச வந்தபோது ஃபாரடேக்கு 69 வயது. மின்சார ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர் பேச எடுத்துக்கொண்டதோ ஒரு மெழுகுவர்த்தி! அதை வைத்தே ஆறு நாள் பேசினார். அந்தப் பேச்சு 1861-இல் புத்தகமானது.

அதிலிருந்து ஒரு சோதனை. பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ இருக்கட்டும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். நன்றாக எரியும் மெழுகுவர்த்தியை மெல்ல ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழும். எரியும் தீக்குச்சியைத் திரிக்குச் சற்று மேலே, அந்தப் புகையில் மட்டும் படும்படி நீட்டுங்கள். தீ புகை வழியே கீழே தாவி, திரியைப் பற்றவைத்துவிடும்!

காரணம், அந்தப் புகை வெறும் புகையல்ல. ஆவியாகி வெளியே வந்து குளிர்ந்த மெழுகு அது. சுடரில் எரிவதும் கட்டி மெழுகல்ல. மெழுகு உருகி, திரியில் ஏறி, ஆவியானபின்தான் எரிகிறது.

சுடருக்கு மேலே பனிக்கட்டி வைத்த பாத்திரத்தைப் பிடித்தால் அதன் அடியில் நீர்த்துளி சேரும் என்றும் காட்டினார் ஃபாரடே. மெழுகிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாகும் நீர் அது. ஆனால் சென்னைப் புழுக்கத்தில் ஐஸ் போட்ட டம்ளர் மெழுகுவர்த்தி இல்லாமலே வியர்க்கும். துளி எங்கிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? ஐஸ் போடாத, நன்றாகத் துடைத்த கண்ணாடி டம்ளரைச் சுடருக்குக் கொஞ்சம் உயரத்தில் கவிழ்த்துப் பிடித்து உடனே எடுத்துவிடுங்கள். உள்ளே லேசாக மூடுபனி படர்கிறதா பாருங்கள். புத்தகத்தைத் தட்டிக் கேட்பதும் படிப்பில் சேர்த்திதான்.

ஃபாரடேயே அப்படித்தான் படித்தார். ஏழை வீட்டுப் பிள்ளை. 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்கச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை எல்லாம் படித்தார். அவற்றில் ஒன்று, ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் புத்தகம். ஓர் ஆசிரியையும் இரண்டு சிறுமிகளும் பேசிக்கொள்வதுபோல எழுதப்பட்டது. அதில் சொன்னது சரிதானா என்று, தன் கைக்காசுக்கு எட்டிய சின்னச் சின்னச் சோதனைகளைச் செய்து பார்த்த பிறகுதான் நம்பினார். சிறுவர்கள் படிக்கிற புத்தகத்தை லேசாக நினைப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து, ரஷ்யரான யாக்கொவ் பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்'. முதலில் வெளிவந்தது 1913-இல். அதில் ஒரு கதை: விமானத்தில் பறந்துகொண்டிருந்த விமானி ஒருவர் துப்பாக்கிக் குண்டை வெறுங்கையால் பிடித்தாராம்! எப்படி முடியும்? குண்டும் விமானமும் ஒரே திசையில், கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போனால், விமானிக்கு அது பக்கத்தில் அசையாமல் நிற்பதுபோலத்தான் இருக்கும். சில கணக்குகள் கடினம். தாண்டிப் போனால் குற்றமில்லை.

வெளியே சுற்றுகிறவர்களுக்கு 1941-இல் சாலிம் அலி எழுதிய இந்தியப் பறவைகள் புத்தகம். அதை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. முதலில் மரத்தில் பறவையைப் பாருங்கள், பிறகு பக்கத்தைத் தேடுங்கள்.

ஃபாரடேயின் ஆங்கிலப் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பெரெல்மான் தமிழிலும் வந்திருக்கிறார். கடையில் இல்லையென்றால் ஊர் நூலகத்தில் தூசி படிந்த தட்டுகளைக் கிளறுங்கள். நூலகரிடம் பெயரைச் சொல்லிக் கேட்கவும் கூச்சப்படாதீர்கள்.