போரும் தீயும் இணைத்த இரு பள்ளிகள்

ஆஸ்திரேலியத் தொடக்கப் பள்ளிகள் ஆண்டுதோறும் இரண்டு நாள்களை நினைவேந்தலுக்கென ஒதுக்கி வைத்திருக்கின்றன. 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிப்போலிக் கரையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினர் தரையிறங்கியதை நினைவுகூர்வது அன்சாக் நாள். 1918 நவம்பர் 11 அன்று முதல் உலகப் போர் ஓய்ந்ததைக் குறிப்பது நினைவு நாள். அன்சாக் நாள் பொது விடுமுறை என்பதால் பள்ளிகள் அதற்கு முன்னதாகவே கூடி, ரோஸ்மேரிக் கொத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு அஞ்சலி செலுத்துகின்றன. நவம்பரில், மாணவர்கள் காகிதத்தில் செய்த சிவப்புப் பாப்பி மலர்களோடு, முற்பகல் 11 மணிக்கு ஒரு நிமிடம் மௌனம் காக்கின்றன. மாணவர்கள் கற்றதைப் பெற்றோருக்குக் காட்டும் கண்காட்சிகளும், அவர்களது மனநலம் பேணும் வகுப்புகளும் இதே பள்ளிகளில்தான் நடைபெறுகின்றன. கற்றல், நினைவேந்தல், நலவாழ்வு ஆகிய மூன்றும் பள்ளி நாள்காட்டியில் வெவ்வேறு நாள்களில் இடம்பெற்றாலும், குழந்தையின் வாழ்வில் அவை ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள இரண்டு சிற்றூர்ப் பள்ளிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

குழந்தைகள் கொடுத்த பள்ளி

வடக்குப் பிரான்சின் சோம் பகுதியில், ஆமியேன் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் உள்ள ஊர் வில்லேர் பிரெத்தொன்னே. 1918 ஏப்ரல் 24 அன்று ஜெர்மன் படை இவ்வூரைக் கைப்பற்றியது. ஊர் எதிரியின் கையிலேயே இருந்தால் இருப்புப்பாதைகள் கூடும் ஆமியேனும் பறிபோகும் என்ற நிலையில், அன்றிரவே ஆஸ்திரேலியப் படைப்பிரிவுகள் இரு பக்கமும் சுற்றி வளைத்துத் தாக்கி ஊரை மீட்டன. மறுநாள் ஏப்ரல் 25, கலிப்போலித் தரையிறக்கத்தின் மூன்றாம் ஆண்டு நிறைவு. ஊரை மீட்கும் முயற்சியில் ஏறத்தாழ 1,200 ஆஸ்திரேலிய வீரர்கள் உயிரிழந்தனர். ஊர் மீண்டாலும், வீடுகளோடு பள்ளியும் இடிந்து கிடந்தது.

போர் முடிந்தபின் மெல்பர்ன் நகரம் இவ்வூரைத் தத்தெடுத்துக்கொண்டது. பள்ளியைக் கட்டிக் கொடுக்கும் பொறுப்பை விக்டோரியா மாநிலத்துப் பள்ளிக் குழந்தைகளும் ஆசிரியர்களும் ஏற்றனர். போர்க்காலத்திலேயே அம்மாநிலக் கல்வித்துறை, அதன் இயக்குநர் பிராங்க் டேட்டின் ஊக்கத்தால், போர் நிவாரண நிதி ஒன்றை நடத்தி வந்தது. பள்ளித் தோட்டத்தில் காய்கறி விளைவித்து விற்பதும், படைவீரர்களுக்குக் கம்பளிக் காலுறை பின்னுவதும் அந்நாளில் மாணவர்களின் அன்றாட வேலைகளாக இருந்தன. இவ்வாறு சேர்ந்த நிதியிலிருந்து சுமார் 12,000 பவுண்டு பிரான்சுக்குச் சென்றது. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்றிருந்த காலத்தில், ஒரு குழந்தையால் கொடுக்க முடிந்தது பெரும்பாலும் ஒரு பென்னிதான் என்பதை எண்ணினால், இந்தத் தொகைக்குப் பின்னால் இருந்த சிறு கைகள் எத்தனை என்பது விளங்கும். அவர்களுள் போரில் தந்தையையோ தமையனையோ பறிகொடுத்தவர்களும் உண்டு. கடலுக்கு அப்பால், மொழியும் முகமும் அறியாத பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு கூரை வேண்டும் என்ற எண்ணம், அந்தக் குழந்தைகளின் துயரத்துக்கு ஒரு பயனுள்ள வேலையைக் கொடுத்தது.

1927 ஏப்ரல் 25 அன்று திறக்கப்பட்ட அப்பள்ளிக்கு விக்டோரியா என்றே பெயர். ஆஸ்திரேலியாவை என்றும் மறவோம் என்று பொருள்படும் பிரெஞ்சு வாசகம் கரும்பலகைக்கு மேலே எழுதப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவை மறவாதீர் என்ற ஆங்கில வாசகம் விளையாட்டுத் திடலை நோக்கிய முகப்பில் பெரிய எழுத்துகளில் காணப்படுகிறது. பள்ளி மண்டபத்தை அணிசெய்யும் மரச் சிற்பங்களில் ஆஸ்திரேலிய விலங்குகள் இடம்பெற்றுள்ளன. அவை விக்டோரியாவில் செதுக்கப்பட்டுக் கப்பலேறி வந்தவை. மாடியில் பிரெஞ்சு–ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் இயங்குகிறது. ஊருக்கு வெளியே 1938-இல் திறக்கப்பட்ட ஆஸ்திரேலியத் தேசிய நினைவகத்தின் சுவர்களில், பிரான்சில் மடிந்து கல்லறை இன்னதென்று அறியப்படாத 10,700-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அந்த நினைவகத்துக்கு மக்கள் ஆண்டுக்கு ஒருமுறையோ வாழ்நாளில் ஒருமுறையோ செல்கிறார்கள். பள்ளியிலோ, ஒவ்வொரு தலைமுறைப் பிள்ளைகளும் அந்த வாசகத்தின் கீழ் அமர்ந்துதான் எழுத்தும் எண்ணும் கற்கின்றனர்.

தீ வந்த சனிக்கிழமை

2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை, மெல்பர்னில் வெப்பநிலை 46.4 பாகை செல்சியசைத் தொட்டது. வறண்ட வடகாற்றும் நீண்ட வறட்சியும் சேர்ந்துகொள்ள, விக்டோரியா மாநிலமெங்கும் மூண்ட காட்டுத்தீ 173 உயிர்களைக் குடித்து, 2,000-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. மெல்பர்னுக்கு வடகிழக்கே மலையடிவாரத்தில் உள்ள ஸ்ட்ராத்யூவன் என்ற சிற்றூரில் மட்டும் 27 பேர் இறந்தனர். ஏறத்தாழ இருநூறு பேரே வாழ்ந்த ஊரில் இது எத்தகைய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஊரின் தொடக்கப் பள்ளியும் சமூகக் கூடமும் சாம்பலாயின. விடுமுறை நாளாக இருந்ததால் பள்ளியில் குழந்தைகள் இல்லை.

இச்செய்தி வில்லேர் பிரெத்தொன்னேயை எட்டியதும், அவ்வூர் மக்கள் நிதி திரட்டி, ஸ்ட்ராத்யூவன் தொடக்கப் பள்ளியை மீண்டும் எழுப்புவதற்கென அனுப்பினர். எண்பது ஆண்டுகளுக்கு முன்பு விக்டோரியாவின் குழந்தைகள் தங்களுக்குச் செய்ததை, அந்த நன்றியோடு வளர்ந்த மக்கள் அதே மாநிலத்தின் குழந்தைகளுக்குச் செய்தார்கள். கரும்பலகைக்கு மேலே எழுதப்பட்ட ஒரு வாசகம் இத்தனை காலம் கழித்தும் உதவிக் கரமாக நீண்டதற்குக் காரணம், அது போரின் கொடுமையைவிடப் பெற்ற உதவியையே அன்றாடம் நினைவூட்டி வந்ததுதான்.

நலவாழ்வின் ஐந்து தேவைகள்

பேரிடருக்குப் பின் மக்களைத் தேற்றுவதற்கு இன்றியமையாதவை எவை என்பதை ஸ்டீவன் ஹோப்ஃபால் தலைமையிலான வல்லுநர்கள் 2007-இல் ஐந்தாக வகுத்தனர்: பாதுகாப்பு உணர்வு, மன அமைதி, பிறரோடு பிணைப்பு, தம்மாலும் தம் சமூகத்தாலும் இயலும் என்ற உறுதி, எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கை. இவை ஐந்தும் ஒரு நல்ல தொடக்கப் பள்ளி சத்தமின்றி ஒவ்வொரு நாளும் தருபவை. காலையில் அதே மணி, அதே ஆசிரியர், அதே தோழர்கள் என்ற ஒழுங்கே குழந்தைக்குப் பாதுகாப்பு. பள்ளிக் கட்டடம் இல்லாத காலத்திலும் ஸ்ட்ராத்யூவன் மாணவர்கள் கலைக்கப்படாமல், அருகிலிருந்த மற்றொரு பள்ளியின் வளாகத்தில் ஒன்றாகவே படிப்பைத் தொடர்ந்தது இந்த வகையில் முதன்மையானது.

இத்தகைய துயரம் கற்றலையும் நெடுங்காலம் பாதிக்கும். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் லிசா கிப்ஸ் முதலானோர் விக்டோரியாவின் 24,642 தொடக்கப் பள்ளி மாணவர்களின் தேசியத் தேர்வு முடிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துலக்கமாகக் காட்டியது. மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் இடையே ஒரு மாணவர் பெற வேண்டிய முன்னேற்றம், தீயால் கடுமையாகத் தாக்கப்பட்ட பகுதிகளின் பள்ளிகளில், வாசிப்பிலும் கணிதத்திலும் குறைந்திருந்தது. தீ அணைந்து ஆண்டுகள் கடந்தபின், வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும் காலத்தில் இப்பின்னடைவு புலப்பட்டது என்பது கவனத்துக்குரியது. கணக்கில் பின்தங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடிவதற்கு முன், அதன் வீட்டில் என்ன நிகழ்ந்தது என்று ஆசிரியர் எண்ணிப் பார்க்க வேண்டியதன் தேவையை இம்முடிவு உணர்த்துகிறது.

தீயைப் பாடமாக்கியவர்கள்

2009 தீயை ஆராய்ந்த விக்டோரிய அரச விசாரணைக் குழு, காட்டுத்தீயின் வரலாறு தேசியப் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்றும், புவியியல், அறிவியல் பாடங்களில் காட்டுத்தீ பற்றிய கல்வி சேர்க்கப்பட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஸ்ட்ராத்யூவன் பள்ளி உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையோடு கைகோத்து, மேல் வகுப்பு மாணவர்களுக்கென்று காட்டுத்தீக் கல்வித் திட்டம் ஒன்றை உருவாக்கியது. காற்றின் வேகமும் ஈரப்பதமும் தீயை எப்படி மாற்றுகின்றன, உதிர்ந்த சருகும் உலர்ந்த புல்லும் எப்படி எரிபொருளாகின்றன என்பவற்றை மாணவர்கள் தங்கள் ஊரின் நிலத்தையே பாடநூலாகக் கொண்டு கற்கின்றனர். தீ மலையேறும்போது சரிவு பத்துப் பாகை கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் விதி. மலையடிவாரத்துப் பிள்ளைக்கு இந்த விதி தன் வீட்டுக்குப் பின்புறமுள்ள மேட்டைப் பற்றியது; தேர்வு முடிந்ததும் மறந்துவிடக்கூடிய கணக்காக அது இருக்க முடியாது.

ஆஸ்திரேலியாவில் அன்றன்றைய தீ அபாயத்தைப் பலகைகளில் அறிவிக்கும் முறை உண்டு. 2022 முதல் நாடு முழுவதும் மிதம், உயர்வு, தீவிரம், பேரழிவு என்ற நான்கு படிநிலைகள் நடைமுறையில் உள்ளன; ஒவ்வொரு நிலையிலும் வீட்டார் செய்ய வேண்டியது வேறுபடும். இத்தகைய அபாய நிலைகளை விளக்குவதற்கு ஸ்ட்ராத்யூவன் மாணவர்கள் களிமண் உருவங்களைச் செய்து, அவற்றைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்து, அசைபடம் தயாரித்தார்கள். காட்டுத்தீயைப் பற்றித் தாங்களே எழுதிப் படம் வரைந்து நூலும் வெளியிட்டார்கள். பெரியவர்களின் அச்சத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அந்தப் பெரியவர்களுக்கே பாதுகாப்பைக் கற்பிப்பவர்களாக மாறினர். கற்றலைக் கொண்டாடுவது என்பதற்கு இதைவிட நிறைவான பொருள் இருக்க முடியாது.

நினைவைக் கையாளும் பொறுப்பு

நினைவேந்தல் எல்லாக் குழந்தைக்கும் தானாகவே நன்மை செய்துவிடாது. பேரிடர்க் காட்சிகளைத் திரும்பத் திரும்பத் திரையில் பார்ப்பது குழந்தைகளின் மன அழுத்தத்தை மிகுவிக்கிறது என்பதை உளவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. இன்றைய வகுப்பறைகளில் போர் நடக்கும் நாடுகளிலிருந்து அடைக்கலம் தேடி வந்த பிள்ளைகளும் இருப்பதால், போரை வீரக்கதையாக முழங்குவதும் கோரக்காட்சியாக விரிப்பதும் ஒருசேரத் தவிர்க்கப்பட வேண்டியவை. என்ன நிகழப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்வதும், விரும்பாத குழந்தை விலகி அமர இடம் தருவதும், நிகழ்ச்சிக்குப் பின் பேசுவதற்கு நேரம் ஒதுக்குவதும் ஆசிரியர்களின் கடமையாகும்.

விக்டோரியாவின் குழந்தைகள் பணம் சேர்த்தார்கள். வில்லேர் பிரெத்தொன்னே மக்கள் கைம்மாறு செய்தார்கள். ஸ்ட்ராத்யூவன் பிள்ளைகள் தீயைக் கற்றுப் பிறருக்குக் கற்பித்தார்கள். நினைவோடு ஒரு வேலையும் குழந்தையின் கையில் கொடுக்கப்படும்போதுதான் துயரம் அதை அழுத்தாமல் வளர்க்கிறது என்பதை இம்மூன்றும் காட்டுகின்றன. அடுத்த நினைவேந்தலுக்குத் திட்டமிடும் எந்தப் பள்ளியும், மாணவர்கள் எத்தனை நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும் என்பதோடு, அதற்குப் பின் அவர்கள் யாருக்காக என்ன செய்யப்போகிறார்கள் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.