ஐ.டி.ஐ.யில் ஏன் இத்தனை நாள் அரம் பிடிக்க வைக்கிறாங்க?

புதுக்கடையிலிருந்து ஐ.டி.ஐ. போகிற பையன்கள் அடிக்கடி கேட்பாங்க: "சி.என்.சி. மெஷின் வந்த காலத்துல இந்த இரும்பை ராவிட்டே இருக்கிறது என்னத்துக்கு அண்ணா?"

நான் ஃபிட்டர் படித்தபோது எனக்கும் இதே எரிச்சல்தான். 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் ஃபிட்டருக்கு இரண்டு வருஷம். அதில் முதல் பாடமே வைஸில் ஒரு இரும்புத் தகடை இறுக்கி, அரத்தால் ராவிச் சதுரமாக்குவது.

பார்க்க சுலபம். ஆனா அரம் முன்னால் தள்ளும்போது மட்டும்தான் வெட்டும். தொடங்கும்போது நுனியைப் பிடித்த கை அதிகம் அழுத்தணும், நடுவில் இரண்டு கையும் சமம், முடிவில் பிடியில் இருக்கிற கை. இது பிசகினா அரம் ஊஞ்சல் மாதிரி ஆடும். ஓரங்கள் தேய்ந்து நடுப்பகுதி மேடாகும். என் முதல் துண்டும் அப்படித்தான் இருந்தது.

வெறும் கண்ணுக்கு அந்த மேடு தெரியாது. மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், இடைவெளி இருக்கும் இடத்தில் வெளிச்சம் கசியும். இன்னும் நுட்பமா பார்க்க, சர்ஃபேஸ் பிளேட்டில் பிரஷ்யன் நீலத்தை மெல்லிசா தடவி, அதன்மேல் துண்டைத் தேய்ப்போம். மேட்டில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த இடத்தை மட்டும் ராவி, மறுபடி தேய்த்துப் பார்க்கணும்.

இதோட பயன் எனக்குப் புரிந்தது பட்டறை வேலைக்குப் போன பிறகுதான். தேங்காப்பட்டணத்துப் படகு ஒன்றின் எஞ்சின் வந்திருந்தது. ஷாஃப்டையும் புல்லியையும் சேர்த்துச் சுழல வைக்கிற 'கீ' என்ற சின்ன இரும்புத் துண்டு போயிருந்தது. புதுசு லூசா இருந்தா ஆடி ஆடிப் பள்ளத்தையே அகலமாக்கும். ரொம்ப டைட்டா அடிச்சா வார்ப்பிரும்புப் புல்லி விரியும். மெஷின் கொடுத்த அளவுக்குத் துல்லியமா வெட்டும், சரிதான். ஆனா வருஷக்கணக்கா தேய்ந்த ஷாஃப்டின் பள்ளம் எந்த வரைபடத்திலும் இருக்காதே! நீலம் தடவி, கொஞ்சம் ராவி, பொருத்திப் பார்த்து, மறுபடி ராவினேன். அந்தச் சதுரத் தகட்டில் செய்த அதே வேலை.

சில இடங்களில் இப்போ ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்தா போதும், கையெழுத்து கிடைக்கும்னு பையன்கள் சொல்றாங்க. நேரம் மிச்சம்னு சந்தோஷப்படாதீங்க, தம்பிகளே. நடுக்கடலில் எஞ்சின் நின்றால், நோட்டுப் படம் உதவாது.