முசாபிருக்கு ஓர் அறை, கவிதைக்கு ஒரு மாலை

"ஹஜ்ரத், ஒரு சங்கதி கேட்கணுமுங்க" என்று தொடங்கினார் நண்பர். அஸர் தொழுகை முடிந்து மதரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்த நேரம் அது. கோவை இரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஒன்பது அறைகள் கொண்ட சிறு விடுதி ஒன்றை அவர் நடத்தி வருகிறார். மருத்துவமனைக்கு வருவோர், துணி கொள்முதலுக்கு வருவோர், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்க வருவோர் என முசாபிர்கள் தங்கிச் செல்லும் எளிய இடம். மேல்தளத்தில் ஒரு சிறு கூடம் இருக்கிறது. பெரும்பாலும் பழைய கட்டில்கள் அடுக்கிக் கிடக்கும்.

"அந்தக் கூடத்தை மாதம் ஒரு சாயங்காலம் கவிதை வாசிக்கக் கேட்கிறாங்க. நம்ம பிள்ளைகளும் இருக்கிறாங்க, பிற சமயச் சகோதரர்களும் இருக்கிறாங்க. கொடுக்கலாமுங்களா? அத்தா வேண்டாமுன்னு நிற்கிறாருங்க" என்றார்.

ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிடக் கூடிய கேள்விதான். ஆனால் அதனுள் நம் சமுதாயத்தின் நீண்ட வரலாறும், நம் நகரத்தின் ஆறாத காயமும் சேர்ந்தே இருந்தன. அன்று அவரிடம் கூறியவற்றையும், பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையும் வாசகப் பெருமக்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு தடைகள்

பெரியவர் கூறிய தடைகள் இரண்டு. ஒன்று, கவிதை என்பது வீண் பேச்சு. தொழுகையாளிக்கு அது எதற்கு என்பது. மற்றொன்று, நான்கு பேர் ஓரிடத்தில் கூடினாலே ஏன் கூடினார்கள் என்று கேட்கப்படும் ஊரில் நாமாகப் போய் ஏன் கூட்டம் சேர்க்க வேண்டும் என்பது.

இரண்டாவது தடையை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 1997 நவம்பர் இறுதியில் மூண்ட கலவரமும், 1998 பிப்ரவரி 14 அன்று 58 உயிர்களைப் பறித்த தொடர் குண்டுவெடிப்புகளும் கோவை மக்களின் மனத்தில் எத்தகைய சுவர்களை எழுப்பின என்பதை அக்காலத்தில் இங்கு வாழ்ந்தவர் எவரும் மறக்கவில்லை. கடைகளும் வீடுகளும் மீண்டும் கட்டப்பட்டன. ஆனால், ஒருவர் வீட்டுத் திண்ணையில் மற்றவர் அமர்ந்து பேசும் வழக்கம் அவ்வளவு விரைவில் திரும்பவில்லை. முஸ்லிம் ஒருவர் நடத்தும் விடுதிக்கு அந்நாள்களில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதைப் பெரியவர் தம் கண்ணால் கண்டவர். அவருடைய அச்சத்தைப் பலவீனம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

மிம்பரில் நின்ற கவிஞர்

முதல் தடையை முதலில் பார்ப்போம். திருக்குர்ஆனின் 26-ஆம் அத்தியாயத்திற்குக் 'கவிஞர்கள்' என்பதே பெயர். அதன் இறுதி வசனங்கள், திசையின்றித் திரிந்து, செய்யாததைச் சொல்லும் கவிஞர்களைக் கண்டிக்கின்றன. அத்துடன் நின்றுவிடாமல், ஈமான் கொண்டு நற்செயல் புரிவோருக்கு விலக்கும் அளிக்கின்றன. கண்டனத்தை மட்டும் மனனம் செய்துகொண்டு விலக்கை மறந்துவிடுவது நீதியாகுமா?

பெருமானார் (ஸல்) அவர்கள், ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் கவி பாடுவதற்காக மஸ்ஜிதுந் நபவியிலேயே மிம்பர் அமைத்துக் கொடுத்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ள செய்தி. எதிரியாக இருந்து அடைக்கலம் தேடி வந்த கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்களின் கவியைச் செவிமடுத்துத் தம் மேலாடையை நபிகளார் வழங்கினார்கள் என்பதையும் நாம் அறிவோம். பகைவனாக வந்தவன் உறவினனாகத் திரும்பினான். அந்த மாற்றம் நிகழ்ந்த அவையில் கவிதைக்கும் இடம் இருந்தது.

ஆகவே கவிதை கூடுமா என்று கேட்பதைவிட, எத்தகைய கவிதை, எத்தகைய அவையில் என்று கேட்பதே பொருத்தம் என நண்பரிடம் கூறினேன்.

வள்ளல்களின் நிழலில்

தமிழ் முஸ்லிம்களுக்கு இலக்கிய அவை புதிதன்று. எட்டயபுரத்து உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் 5,027 விருத்தங்கள் கொண்டது. வள்ளல் சீதக்காதி அதற்குத் தூண்டுகோலாக இருந்தார். அவர் மறைந்தபின் புலவரைத் தாங்கி, நூல் அரங்கேற வழிசெய்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். இருவரும் வணிகர்கள். கப்பலும் சரக்கும் கணக்குமாக வாழ்ந்தவர்கள். ஆயினும் புலவருக்கு உணவும் உறைவிடமும் அளித்து, அவர் பாடக் கேட்பதற்கு ஆட்களையும் கூட்டினார்கள். அந்த விருந்தோம்பல் இல்லையேல் தமிழுக்கு அந்தக் காப்பியம் கிடைத்திருக்குமா?

வடக்கே உருது மொழியில் முஷாயிரா என்னும் கவியரங்க மரபு செழித்தது. தில்லியின் கடைசி முகலாய மன்னர் பகதூர்ஷா ஸஃபர் தாமே கவிஞர். அவர் காலத்தில் ஸவ்க்கும் காலிபும் அங்கு கவி பாடினர். எரியும் மெழுகுவர்த்தி யார் முன் வைக்கப்படுகிறதோ அவரே பாட வேண்டும். இளையவர் முதலில், உஸ்தாதுகள் இறுதியில் என்பது வரிசை. சில அவைகளில் ஓர் அடியை முன்பே அறிவித்து, அதே சந்தத்திலும் இயைபிலும் அனைவரும் பாடி வருமாறு கேட்பார்கள். நல்ல அடி விழுந்தால் மீண்டும் பாடச் சொல்லிச் சபையே கேட்கும். அந்த அரசு 1857-க்குப் பின் அழிந்தது. மன்னர் இரங்கூன் சிறையில் 1862-இல் மறைந்தார். முஷாயிரா அழியவில்லை. நம் வடாற்காட்டு உருது மக்களிடம் இன்றும் அது வாழ்கிறது.

அதே வடாற்காட்டு வாணியம்பாடியில், இஸ்லாமியாக் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியராக நெடுங்காலம் பணியாற்றியவர் கவிக்கோ அப்துல் ரகுமான். உருதுக் கஸல் வடிவத்தைத் தமிழுக்குக் கொண்டு வந்தவர்களில் முதன்மையானவர். கவியரங்க மேடையில் அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்லும் அழகைக் கேட்டவர்கள், முஷாயிராவின் சாயலைத் தமிழில் கண்டார்கள். 'ஆலாபனை' நூலுக்காக 1999-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர், 2017 ஜூன் 2 அன்று மறைந்தார்.

கோவை கண்ட கூட்டங்கள்

நம் கோவைக்கு வருவோம். ஆலைச் சங்கொலிக்கும் விசைத்தறி ஓசைக்கும் பெயர் பெற்ற இந்நகரில்தான் 1971-இல் வானம்பாடி இயக்கம் தோன்றியது. புவியரசு, சிற்பி, ஞானி, மு. மேத்தா, அக்னிபுத்திரன் முதலியோர் அதில் இணைந்தனர். பலர் ஆசிரியர்கள், பெருஞ்செல்வர்கள் அல்லர். 'விலையிலாக் கவிமடல்' என்று சொல்லித் தம் இதழைக் காசு வாங்காமல் அனுப்பினார்கள். கூடிப் பேசினார்கள், வாசித்தார்கள், வாதிட்டார்கள். பெரியகுளத்தில் பிறந்த முகமது மேத்தாவும், பொள்ளாச்சி ஆத்துப்பொள்ளாச்சியில் பிறந்த பாலசுப்பிரமணியம் என்னும் சிற்பியும் ஒரே இதழில் எழுதினர். அங்கு யாரும் யாருடைய சமயத்தையும் முதலில் கேட்கவில்லை. கவிதை எங்கே என்றுதான் கேட்டார்கள்.

அவர்களுள் கோவை ஞானி அவர்களின் வாழ்க்கை நம் உள்ளத்தைத் தொடுவது. பள்ளித் தமிழாசிரியரான அவர், நீரிழிவு நோயால் கண்பார்வையை இழந்தார். அதன் பின்னரும் பிறர் வாசிக்கக் கேட்டும், சொல்லி எழுதுவித்தும் நூல்களை ஆக்கினார். கோவை வரும் எழுத்தாளர்கள் பலர் அவர் இல்லம் சென்று உரையாடுவதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். 2020 ஜூலையில் அவர் மறையும் வரை, அந்த எளிய வீடு ஓர் இலக்கிய அவையாகவே இருந்தது. மண்டபமோ மேடையோ அதற்குத் தேவைப்படவில்லை.

தங்கி உரையாடும் மரபும் இப்பகுதியில் உண்டு. நம் மேற்கு மலையான உதகையில், நித்ய சைதன்ய யதி வாழ்ந்த நாராயண குருகுலத்தில், எழுத்தாளர் ஜெயமோகனின் முயற்சியால் தமிழ், மலையாளக் கவிஞர்கள் கூடித் தங்கி ஒருவர் கவிதையை மற்றவர் கேட்கும் முகாம்கள் நடைபெற்றன. அங்கே மது கூடாது என்பது நிபந்தனை. இலக்கியக் கூட்டம் என்றாலே குடியும் கூச்சலும் என்று எண்ணும் நம் பெரியவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

2009-இல் தொடங்கப்பட்ட விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம், 2010 முதல் ஆண்டுதோறும் கோவையில் மூத்த படைப்பாளி ஒருவருக்கு விருது வழங்கி வருகிறது. வெளியூர் வாசகர்கள் வந்து தங்கி, எழுத்தாளர்களோடு நேருக்கு நேர் உரையாடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு விருது கவிஞர் அபிக்கு வழங்கப்பட்டது. போடிநாயக்கனூரில் பிறந்த ஹபீபுல்லாதான் அந்த அபி. 1974-இல் வெளிவந்த 'மௌனத்தின் நாவுகள்' அவருடைய முதல் தொகுதி. மேடை முழக்கத்தை நாடாமல், அமைதியாக எழுதிய தமிழ்ப் பேராசிரியர். அவரைப் பாராட்டக் கோவையில் கூடியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிற சமயச் சகோதரர்கள். 1998-ஐக் கண்ட அதே நகரம்தான் இதையும் கண்டது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

விருந்தோம்பலின் ஒழுங்குகள்

இவற்றையெல்லாம் கேட்ட நண்பர், "அப்படின்னா எப்படி நடத்துறதுன்னு சொல்லுங்க" என்றார். இருவரும் அமர்ந்து சில ஒழுங்குகளை வகுத்தோம். தம் இல்லத்திலோ கடை மாடியிலோ நடத்த விரும்புவோருக்கும் இவை பயன்படலாம்.

முதலாவது நேரம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட பொழுது ஏறக்குறைய ஒன்றே கால் மணி நேரம்தான். அதில் அவசரமாக முடிப்பதைவிட, அஸர் தொழுதபின் தொடங்கி மஃரிப் பாங்குக்கு முன் நிறைவு செய்வது நலம். தொழுவோர் தொழச் செல்லலாம். மற்றவர்கள் தேநீர் அருந்திப் பேசிக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது அளவு. முப்பது பேருக்கு மேல் வேண்டாம். பவானி ஜமக்காளம் விரித்தால் போதும். ஒலிபெருக்கி வைக்காவிட்டால் அண்டை வீட்டாருக்கும் தொல்லையில்லை; கவிஞருக்கும் கத்த வேண்டிய கட்டாயமில்லை.

மூன்றாவது, வெளியூர்க் கவிஞருக்குச் செய்யும் மரியாதை. அறை, உணவு, வழிச்செலவு ஆகியவற்றை அவர் கேட்கும்வரை காத்திராமல் கொடுத்துவிட வேண்டும். விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் அடையாளம் என்று கற்ற நாம், கவிஞரைப் பேருந்து நிலையத்தில் காக்க வைக்கலாமா? நம் கொங்கு நாட்டில் வந்தவரை "வாங்க, சாப்பிட்டாச்சுங்களா" என்று கேட்ட பின்னர்தான் வந்த காரியமே பேசுவார்கள்.

நான்காவது வரிசை. முஷாயிராவைப் போல இளையவருக்கு முதலிடம். முதல் முறை வாசிக்கும் மாணவரை யாரும் குறுக்கிடக் கூடாது. ஒருவருக்கு மூன்று கவிதைகள். அதன்பின் கேட்டவர்கள் கருத்துரைக்கலாம். குறை சொல்வதானால் கவிதையைச் சொல்லலாம், கவிஞரைச் சொல்லக் கூடாது.

ஐந்தாவது பெண்கள். அவர்களுக்குத் தனியே இருக்கை அமைத்தால் போதும். அழைப்பே அனுப்பாமல் இருப்பது முறையன்று. நம் வீடுகளில் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி மறைத்து வைக்கும் சகோதரிகள் எத்தனை பேர்! வாசிக்கக் கூச்சமெனில் வேறொருவர் வாசிக்கட்டும்.

ஆறாவது, இரண்டாம் தடைக்கான விடை: வாசற்கதவைத் திறந்தே வைக்க வேண்டும். நாளையும் நேரத்தையும் தெருவாருக்கு முன்கூட்டியே சொல்லி, அவர்களையும் அழைக்க வேண்டும். மூடிய கதவின் பின்னால் என்ன நடக்கிறது என்றுதான் ஐயம் பிறக்கும். உள்ளே வந்து தேநீர் குடித்தவருக்கு அந்த ஐயம் எழ வாய்ப்பில்லை.

மாடிப்படியில் ஒருவர்

முதல் கூட்டத்திற்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். பழைய கட்டில்கள் வேறிடம் சென்றிருந்தன. ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர், எதிர்த் தெருக்காரர், தாம் இளமையில் சங்கக் கூட்டங்களில் பாடிய நினைவுகளைச் சொன்னார். கரும்புக்கடைப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் கை நடுங்க ஒரு சிறு கவிதை வாசித்தார். தாயின் தையல் இயந்திரம் பற்றியது அது. மறுபடி வாசிக்கும்படி ஆலைத் தொழிலாளியே கேட்டார்.

நண்பரின் அத்தா கூடத்திற்குள் வரவில்லை. தஸ்பீஹ் மணியோடு மாடிப்படியின் மேல் வளைவில் அமர்ந்திருந்தார். கூட்டம் முடிந்து அனைவரும் இறங்கியபோது அந்த ஆலைத் தொழிலாளி அவரை அடையாளம் கண்டு நின்றார். முன்னொரு காலத்தில் நாள்தோறும் ஒரே தேநீர்க் கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவ்விருவரும். இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பேச்சில்லை, சண்டையும் இல்லை. காலம் பிரித்துவிட்டது, அவ்வளவுதான்.

"நல்லா இருக்கீங்களா பாய்?" என்றார் அவர்.

"இருக்கேனுங்க. வாங்க, கீழே உட்கார்ந்து பேசலாம்" என்றார் பெரியவர்.

மஃரிப் பாங்கு ஒலிக்கும் வரை இருவரும் விடுதியின் முன்னறையில் அமர்ந்திருந்தார்கள். மறுநாள் நண்பரிடம் பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அடுத்த கூட்டம் எந்தத் தேதியப்பா?"

அன்புச் சகோதர, சகோதரிகளே! நம்மில் பலரிடம் ஒரு கூடமோ மொட்டை மாடியோ கடையின் பின்னறையோ இருக்கிறது. திருமணத்திற்கும் விருந்திற்கும் அதைத் திறக்கிறோம். மாதத்தில் ஒரு மாலை நல்ல சொல்லுக்காகவும் திறப்போம். நம் பிள்ளைகள் தமிழில் எழுதட்டும். அண்டை வீட்டார் வந்து கேட்கட்டும். பிரிந்த உள்ளங்களை இணைப்பவன் அல்லாஹ் ஒருவனே. அதற்கான பாயை விரித்து வைப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அந்த நற்பேற்றை அவன் நம் அனைவருக்கும் அருள்வானாக, ஆமீன்.