ஒலி முன்னோட்டம்

இசையரங்கில் பாடகர் பாடத் தொடங்குமுன் தம்புராவை மீட்டிச் சுருதி சேர்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது பாட்டன்று, ஆயினும் அது செவ்வனே அமையாவிடில் பின்வரும் பாட்டு எதுவும் சிறவாது. திரைப்பட அரங்கிலும் இதனையொத்த வழக்கம் ஒன்று அமெரிக்க நாட்டில் தோன்றிப் பிற நாடுகளிலும் பரவியது. விளக்குகள் அணைந்த பின்னர், கதை தொடங்குவதற்கு முன்னர், அசையும் சித்திரம் ஒன்று சிறிது நேரம் திரையில் தோன்றி மறையும். ஒலி அமைப்பின் பெயரும், அரங்கம் முழுதும் நிறைந்து எழும் ஓர் ஒலியுமே அதன் சிறப்பு. இதனை ஒலி முன்னோட்டம் எனலாம்.

'இது வெறும் விளம்பரந்தானே?' என்று சிலர் வினவக்கூடும். அதற்கு விடை காண, ஒரு படத்தின் ஒலி எவ்வாறு உருவாகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். உரையாடல், இசை, காலடி ஓசை, மழையின் இரைச்சல் ஆகியவற்றை வல்லுநர் தனித்தனியே பதிவு செய்வர். பின்னர் அளவறிந்து ஒன்றாகக் கலப்பர். தாயின் பெருமூச்சு ஒன்றைக் கேட்போர் செவியிற் சேர்ப்பதற்குப் பல நாள் உழைப்பவரும் உளர். ஆனால், அப்படம் ஊர்தோறும் செல்லும்போது நிகழ்வது யாது? ஓர் அரங்கின் ஒலிபெருக்கி கரகரக்கும். மற்றோர் அரங்கின் சுவர்கள் எதிரொலித்து ஒரு சொல்லின்மேல் மறுசொல்லை ஏற்றும். வேறோர் அரங்கில் குளிரூட்டும் பொறியின் இரைச்சல் அப்பெருமூச்சை விழுங்கிவிடும். பார்ப்பவரோ அரங்கின் குறையைப் படத்தின்மேல் ஏற்றிக் கூறுவர். ஒருவர் செய்த தவற்றுக்கு மற்றொருவர் பழி சுமப்பர்.

இக்குறை நெடுநாளையது. வால்ட் டிஸ்னி, 1940-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராட்வே அரங்கில் 'ஃபேன்டேசியா' என்னும் சித்திரப் படத்தை வெளியிட்டார். இசை பல திசைகளிலிருந்தும் வந்து செவியை நிறைக்குமாறு 'ஃபேன்டசவுண்டு' என்னும் ஒலிமுறை அதற்கென அமைக்கப்பட்டது. ஆனால், அதற்குரிய கருவிகள் பெரும்பொருட் செலவை வேண்டின. ஆதலின் சில நகரங்களிலேயே அவற்றை நிறுவ இயன்றது. பின்னர் 1942-இல் அப்படம் பரவலாக வெளியானபோது, மக்கள் ஒற்றைவழி ஒலியையே கேட்டனர். கலைஞர் படைத்தது ஒன்று. மக்கள் பெற்றது மற்றொன்று.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், ஜார்ஜ் லூகாஸ் என்பாரின் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் பணியாற்றிய டாம்லின்சன் ஹோல்மன் இக்குறையைக் களைய முற்பட்டார். 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய்' என்னும் படம் 1983-இல் வெளிவந்தபோது, டி.எச்.எக்ஸ். என்னும் அவருடைய ஏற்பாடும் உடன் வந்தது. இஃது ஒலியைப் பதிவு செய்யும் முறையன்று. அரங்கம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை வரையறுக்கும் அளவுகோல். புறத்தே எழும் ஓசை உள்ளே புகலாகாது; எதிரொலி அளவு கடக்கலாகாது; ஒலிபெருக்கிகள் உரிய இடத்தில் உரிய தன்மையுடன் அமைதல் வேண்டும். இவ்வளவைகளுக்கு உட்பட்ட அரங்கமே அப்பெயரைத் திரையில் காட்டும் உரிமை பெற்றது.

அப்பெயர் தோன்றும்போது ஒலிப்பதற்கென 'டீப் நோட்' என்னும் ஒலியை ஜேம்ஸ் ஏ. மூரர் என்பவர் கணிப்பொறியின் துணைகொண்டு உருவாக்கினார். அதன் அமைப்பு வியக்கத்தக்கது. வினாடிக்கு 200 முதல் 400 அதிர்வு வரையுள்ள எல்லைக்குள் முப்பது குரல்கள், ஒன்றோடொன்று இசையாமல், தேனீக் கூட்டம் போல் முரலத் தொடங்கும். பின்னர் ஒவ்வொன்றும் தன் இடத்தை விட்டு மெல்ல நகரும். சில மேலேறும், சில கீழிறங்கும். முடிவில், தாழ்ந்த சுரம் முதல் உயர்ந்த சுரம் வரை யாவும் தத்தம் நிலையில் நின்று ஒரே பேரிசையாய் முழங்கும்.

அவ்வொலியைப் பற்றிய வரலாறு ஒன்றும் உண்டு. குரல்கள் எங்குத் தொடங்கி எவ்வாறு நகர்தல் வேண்டும் என்பதற்குரிய எண்கள் பலவற்றைக் கணிப்பொறியே, அது இயங்கிய நாளையும் நேரத்தையும் அடிப்படையாகக் கொண்டு தெரிந்தெடுத்தது. ஆதலின், இயக்குந்தோறும் ஒலி சிறிது வேறுபட்டது. அங்ஙனம் பிறந்தவற்றுள் ஒன்றையே தேர்ந்து கொண்டனர். படம் வெளிவந்து சில திங்கள் சென்றபின் அம்மூலப் பதிவு காணாமற் போயிற்று. மூரர் மீண்டும் ஆக்கித் தந்தார். 'இது முன்னையது போல் இல்லையே' என்று கேட்டவர் குறை கூறினர். கடந்துபோன நேரத்தை மீட்டுத் தர யாரால் இயலும்? இறுதியில் பழைய பதிவே கிடைத்தது. அனைவரும் மனம் நிறைந்தனர். பொறி ஆக்கிய ஒலியாயினும், நல்லது எது எனத் தெரிந்தது மனிதரின் செவியே அன்றோ?

ரே டால்பி 1965-இல் நிறுவிய டால்பி ஆய்வகமும் இத்தகைய முன்னோட்டங்களை வெளியிட்டது. அதன் இலக்கமுறை ஒலி 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்துடன் அரங்குகளுக்கு வந்தது. படச்சுருளின் ஓரத் துளைகளுக்கு இடையிலுள்ள சிறிய இடத்தில் அவ்வொலியைக் குறிகளாக அச்சிட்டனர். முன்னே மூன்று, பக்கங்களில் இரண்டு, தாழ்ந்த ஒலிக்கென ஒன்று என ஆறு வழிகளில் அது பிரிந்து ஒலித்தது. இவ்வழிகள் யாவும் செவ்வனே இயங்குகின்றனவா என்பதைக் காட்டச் சித்திரமே ஏற்ற கருவி. ஓவியர் புகைவண்டியை இடப்புறத்திலிருந்து வலப்புறம் ஓடச் செய்யலாம். மழையைத் தலைக்கு மேல் பொழியச் செய்யலாம். கண் காணும் திசையிலேயே காதும் கேட்குமாயின் அரங்கம் குறையற்றது. 1996-இல் டி.எச்.எக்ஸ். முன்னோட்டத்தில் தோன்றிய 'டெக்ஸ்' என்னும் சிறிய இயந்திர மனிதன், பழுதுற்ற எழுத்துகளைத் தானே செப்பஞ்செய்து குழந்தைகளை மகிழ்வித்தான்.

இனி, முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். இது விளம்பரமே, ஐயமில்லை. ஆனால், பிற விளம்பரங்களின் உண்மையை அறியப் பொருளை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தல் வேண்டும். ஒலி முன்னோட்டமோ தன் கூற்றை அவ்விடத்திலேயே, அப்பொழுதே, கேட்போர் செவியின் சோதனைக்கு உட்படுத்துகின்றது. ஒலிபெருக்கி கரகரக்குமாயின், 'சிறந்த ஒலி' என்னும் சொல் அந்நொடியே பொய்யாகின்றது. அது குறையின்றி ஒலித்துவிடினும் கடமை தீர்வதில்லை. பின்வரும் இரண்டு மணி நேரமும் அரங்கம் அச்சொல்லைக் காத்தல் வேண்டும்.

மாணவர்களே! ஒரு செயலைத் தொடங்குமுன் நாம் கூறும் உறுதிமொழியும் இத்தகையதே. அதனைச் சோதிக்கும் உரிமையைக் கேட்பவருக்கு அளித்துவிட்டே பேசுதல் வேண்டும். அங்ஙனம் பேசி, பேசியவாறே செய்பவரின் சொல், அரங்கை நிறைக்கும் அவ்வொலிபோல், கேட்டவர் நெஞ்சில் நெடுநாள் நிலைத்து நிற்கும்.